தொண்ணூற்று நான்காவது பிள்ளை

நேசம்மாள் டீச்சரின் வீட்டுக்கும் வெயிலுகந்தம்மாளின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அந்தச் சுவர் இன்னும் இரண்டு சாண் கனமாக இருந்திருந்தால் டீச்சர் நிம்மதியாக இருந்திருப்பாள். பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கத்தில் வெயிலுகந்தம்மாளும் அவள் மகள் செண்பகமும் தீப்பெட்டி ஒட்ட உட்காருவார்கள். ஒட்டிக்கொண்டே செண்பகம் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த பாடத்தைத் தாய்க்குச் சொல்லுவாள். கையில் புத்தகம் இருக்காது, பசைதான் இருக்கும். இந்தப் பக்கத்தில் டீச்சரின் மகன் கிறிஸ்துராஜ் அரிக்கேன் விளக்கின் முன்னால் உட்கார்ந்து, அதே பாடத்தைப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பான். நேற்று விட்ட இடத்திலேயே இன்றைக்கும் விடுவான்.

இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் நேசம்மாளேதான். ஆக, பகலில் கண்ணால் பார்க்க வேண்டியதைச் சாயங்காலம் காதாலும் கேட்கும்படி அவளுக்கு விதித்திருந்தது.

அவள் மகனுக்கு என்னதான் செய்யவில்லை. கோவில்பட்டிக் கரிசலில் வல்லாரை முளைக்காது என்று, மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்க்கும் கணவர் ஜெபதுரையிடம் சொல்லி, ரயிலிலேயே ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வல்லாரைக் கட்டு வரவழைத்தாள். தினம் ஒரு முட்டை கொடுத்தாள். கணக்குக்குத் தனியாக ஒரு மணி நேரம், தமிழுக்குத் தனியாக ஒரு மணி நேரம். அந்தப் பெண்ணோ கம்பங்கூழைக் குடித்துவிட்டு வந்து, டீச்சர் கேள்வியை முடிப்பதற்கு முன்னால் கையைத் தூக்குகிறது. கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் கை மட்டும் தெரிகிறது. கையெழுத்து சரியில்லை என்று ஒரு பரீட்சையில் மார்க்கைக் குறைத்துப் பார்த்தாள். அப்படியும் முதல் மார்க் அங்கேதான் போய் நின்றது.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பத்துக் கட்டளைகளையும் ஒப்பிக்க வைக்கிறவள் அவள். பிறனுடையது எதையும் இச்சியாதே என்ற பத்தாவது கட்டளை வரும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்வாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி வயிற்றில் அப்படி ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. வெயிலுகந்தம்மாளோ ஒன்றும் அறியாதவள். "எல்லாம் ஒங்க கைராசி டீச்சரம்மா. நீங்க சொல்லிக்குடுத்தா கல்லும் படிச்சிரும்" என்பாள். அதைக் கேட்கும்போது டீச்சருக்கு அடிவயிற்றில் தீக்குச்சி உரசும். தன் வீட்டுக் கல் படிக்கவில்லையே.

அந்த வருஷம்தான் அந்தப் பரீட்சை வந்தது. பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்த சமயம். ஜில்லா முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில், ஒரே கேள்வித்தாள். பாடத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. நாலு படத்தைப் போட்டு இதில் சேராதது எது, ஐந்து எண்ணைப் போட்டு அடுத்த எண் எது என்றுதான் கேள்வி. மனப்பாடம் செய்து ஒப்பேற்ற வழியில்லாத பரீட்சை. பிள்ளைகளின் இயல்பான புத்தியை அளக்கிறார்களாம்.

அதற்கு மார்க்கும் கிடையாது. அதனால் முடிவு வருவதற்கு முன்னால் டீச்சர்களைக் கூப்பிட்டு, பெற்றோருக்கு எப்படி விளக்குவது என்று ஒரு நாள் பாடம் நடத்தினார்கள். வந்திருந்த அதிகாரி கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்த வேண்டும். புத்தி கூடின பிள்ளை முன்னால், குறைந்த பிள்ளை கடைசியில். அந்த வரிசையைக் கடைசியிலிருந்து எண்ணினால் இந்தப் பிள்ளை எத்தனையாவது ஆளாக நிற்கும் என்பதுதான் முடிவு. எண் கூடக் கூட நல்லது. பெற்றோரை நேரில் பார்த்து வாயால் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் மூச்சு விடாதீர்கள், சிலதுக்குத் தலைக்கனம் ஏறும், சிலது மனசு விட்டுப்போகும் என்றார்.

முடிவு வந்தது. நேசம்மாள் முதலில் தன் மகனின் எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. அப்புறம் கண் தானாகவே கீழே இறங்கிப் போய் செண்பகத்தின் எண்ணில் நின்றது. தொண்ணூற்று நான்கு. தாளை மடித்து வைத்துவிட்டு அவள் வகுப்பறை ஜன்னலைச் சாத்தினாள். வெளியே காற்றுமில்லை, தூசியுமில்லை.

மாத மார்க் என்றால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பையன் கவனிக்கவில்லை, காய்ச்சலில் கிடந்தான், எழுத நேரம் போதவில்லை. இது அப்படியில்லை. வல்லாரைக்கும் முட்டைக்கும் அப்பால் இருப்பது இதுதான் என்று சர்க்காரே அளந்து சொல்லிவிட்டது.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் நன்றாக விளக்கினாள். பலசரக்குக் கடை குருசாமியிடம், "அண்ணாச்சி, இதைக் கடைசியிலேருந்து எண்ணிக்கிட்டு வரணும். ஒங்க மகன் அறுவத்து மூணுன்னா, அவனுக்குப் பின்னால அறுவத்திரெண்டு பேரு நிக்கான்னு அர்த்தம். நல்ல இடந்தான்" என்றாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எல்லோருக்கும் அப்படியே ஆற அமரச் சொன்னாள். வெயிலுகந்தம்மாளின் வீட்டை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்தாள்.

ஒதுக்கி வைத்தாலும் போய்த்தானே ஆக வேண்டும். போனபோது வெயிலுகந்தம்மாள் ஒட்டின பெட்டிகளை முற்றத்தில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கருத்தையா பசுவந்தனைப் பக்கம் பருத்திக் காட்டில் உழவுக்குப் போயிருந்தான். செண்பகத்தைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, சாக்கைத் தட்டி விரித்து, "உக்காருங்க டீச்சரம்மா. என் பிள்ளைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டாள். கேட்ட முகத்தில் ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் டீச்சருக்கு நாக்கு கசந்தது.

உட்காராமல் நின்றபடியே அவள் கடகடவென்று சொன்னாள். "இது மார்க் இல்ல வெயிலு. நூறு பிள்ளைகளை வரிசையா நிறுத்துனா ஒன் பிள்ளை எத்தனாவதா நிக்கும்னு கணக்கு. ஒன் மக தொண்ணூத்து நாலாவது. அவ்வளவுதான்."

எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டாள் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் சொல்லிவிட்டு அந்த முற்றத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. விட்டுப் போயிற்று.

ஆனால் அந்த ஊரில் வரிசை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கெல்லாம் ஒரே ஒரு நல்லதண்ணிக் கிணறு. விடிவதற்கு முன்னாலேயே குடங்களை வரிசை போட்டு வைப்பார்கள். ஊறின தண்ணீர் முப்பது குடத்துக்கு வரும், மழை பெய்த வருஷமானால் நாற்பதுக்கு வரும். அதற்குப் பின்னால் நிற்கிற குடம் வெறுங்குடமாகத்தான் வீட்டுக்குத் திரும்பும். வெயிலுகந்தம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வரிசையில் நிற்கிறவள்.

"தொண்ணூத்து நாலாவதா?" என்றாள்.

"ஆமா."

"நூறு பேருல?"

"ஆமா."

வெயிலுகந்தம்மாள் கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகம் சுருங்குவதை நேசம்மாள் பார்த்தாள். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. கடைசியிலிருந்து எண்ண வேண்டும், வெயிலு. இந்த ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தும்விட்டது.

அதற்குள் வெயிலுகந்தம்மாள் கேட்டாள். "நம்ம தம்பி எத்தனாவது டீச்சரம்மா?"

"நாப்பத்தொண்ணு."

வெயிலுகந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் நேசம்மாள் அதுவரை பார்த்ததில்லை. ஆசை இருந்தது, ஆற்றாமை இருந்தது, தனக்கு இல்லையே என்ற தவிப்பு இருந்தது. "பாதிக்கும் முன்னால நிக்கான். நீங்க குடுத்து வச்சவிய" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

நேசம்மாளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமாகத் தான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பார்வை அது. அதை இன்றைக்கு இவள் தன்னைப் பார்த்துப் பார்க்கிறாள். தொண்டைக்குள் தேன் இறங்கினது போல இருந்தது டீச்சருக்கு. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "சரி, பொழுதாச்சு. நான் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். மறுநாள் காலையில் கிணற்றடியில் இரண்டு பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். "டீச்சர் மகன் நாப்பத்தொண்ணாமே. வெயிலு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா" என்றார்கள். மற்ற வீடுகளில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் தங்கள் பிள்ளையின் எண்ணைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்; டீச்சர் வீட்டு விஷயத்தில் குறுக்கே பேசிப் பகைத்துக்கொள்ள யாரும் துணியவில்லை. பேச்சில் அடிபட்டது இந்த இரண்டு எண்களும்தான். நேசம்மாள் தலையை ஆட்டியும் ஆட்டாமலும் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நடையில் ஒரு மிடுக்கு கூடியிருந்தது.

அதைவிடப் பெரிய வினை, பேச்சு பையன் காதுக்கும் எட்டியதுதான். தெருப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கிறிஸ்துராஜ் ஓடி வந்து, "எம்மா, நான் செண்பகத்துக்கு முன்னாலயாமே. நெசமாவா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. நேசம்மாள் அவன் தலையைத் தடவி, "போயி முகத்தைக் கழுவு. முட்டை வச்சிருக்கேன்" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை. அவன் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து பையன் மாறிவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறவன் நிமிர்ந்து போனான். வகுப்பில் தப்போ சரியோ கையைத் தூக்கினான். பாதி சரியாக இருந்தது. செண்பகத்துக்கு வகுத்தல் கணக்கைத் தான் சொல்லிக்கொடுப்பதாகக்கூட ஒருநாள் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை. பாவம், கடைசியில் நிற்கிறாளே என்று நிஜமாகவே இரக்கப்பட்டான்.

செண்பகம் கையைத் தூக்குவதை நிறுத்தியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் பாடம் ஒப்பிக்கும் சத்தம் நின்றுவிட்டது. நேசம்மாள் இத்தனை வருஷமாக எந்த அமைதியை வேண்டினாளோ அது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு அவளால் அதில் தூங்க முடியவில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்பாள். பசைக் கிண்ணத்தின் சத்தம் மட்டும் வரும்.

ஒருநாள் மத்தியானம் மணி அடித்த பிறகு செண்பகம் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னட்டி?"

"டீச்சர், அந்தப் பரீட்சையில எனக்கு எல்லாமே தெரிஞ்சுது டீச்சர். தப்பா எழுதுன மாதிரியே இல்ல. எப்படி டீச்சர் அம்புட்டுப் பின்னால போனேன்?"

அவள் அழவில்லை. கணக்கில் எந்த வரியில் பிசகினோம் என்று தெரிந்துகொள்ள வருகிற பிள்ளை எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டாள். நேசம்மாள் சாக்கட்டித் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "பரீட்சைன்னா அப்படித்தான் இருக்கும். தெரிஞ்ச மாதிரி இருக்கும். போ, சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்றாள். செண்பகம் போய்விட்டாள். அந்த வார்த்தையைச் சொன்ன தன் வாயை அன்றைக்கு நேசம்மாளாலேயே மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

அடுத்து வந்த தகவல்தான் கழுத்தைப் பிடித்தது. தலைமையாசிரியையான பெரிய டீச்சர் நேசம்மாளை அறைக்குக் கூப்பிட்டார். ஜில்லாவில் தொண்ணூறுக்கு மேல் வந்த பிள்ளைகளை எல்லாம் விடுதியோடு கூடிய ஹைஸ்கூலில் சேர்த்துக்கொள்கிறார்களாம். பதினொன்றாம் வகுப்பு வரை சாப்பாடும் துணியும் படிப்பும் சர்க்கார் செலவு. பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சம்மதம் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு பிள்ளை, நேசம். ஒங்க வகுப்புதான். ஒங்க பக்கத்து வீடுதானே. இன்னைக்கே போயிச் சொல்லிருங்க" என்றார் பெரிய டீச்சர். உனக்குத்தான் பெருமை என்பது போலச் சிரித்தார்.

நேசம்மாள் அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இப்போது போனால் இடத்தை மட்டுமா சொல்ல வேண்டும்? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகனிடம் என்ன சொல்வது? நிமிர்ந்த தலையை எந்தக் கையால் அழுத்துவது? இப்படியெல்லாம் மகனைக் காரணம் காட்டிக்கொண்டாள். மகன் பாதிக் காரணம்தான். மறு பாதி, அந்தப் பெண் விடுதிப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைத் தாவணி போட்டு வளர்ந்து வருவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை பெரிய டீச்சர் மறுபடியும் கேட்டார். "அந்த வீட்டுல என்ன சொல்லுதாவ?"

"பெட்டி ஒட்டுற வீடு இல்லையா டீச்சர். அடுத்த மாசத்துலேருந்து பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப் போறதாப் பேசிக்கிடுதாவ."

அது பொய்யில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் குச்சி அடுக்க அனுப்பப் போவதாக வெயிலுகந்தம்மாள் கிணற்றடியில் சொன்னதை அவளே கேட்டிருந்தாள். "புத்தி இல்லாத பிள்ளையைப் போட்டுப் படி படின்னு வதைக்க மனசு வரல" என்று சொல்லியிருந்தாள். பெரிய டீச்சர் பெருமூச்சு விட்டு, "நல்லது சொன்னாக் கேக்கவா போறாவ. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் கிறிஸ்துராஜுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் விட்டதும் அவளுக்கு முன்னால் வந்து படுத்திருந்தான். உடம்பு கொதித்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, ஜெபம் செய்ய முழங்கால் போட்டாள். கண்ணை மூடினால் வார்த்தை வரவில்லை. ஆண்டவரே என்ற இடத்திலேயே நின்றுபோனது. எழுந்து முற்றத்துக்கு வந்து நின்றாள்.

பொழுது சாய்கிற நேரம். வெயிலுகந்தம்மாள் தெருவோடு சுற்றி வந்து முற்றத்தில் ஏறினாள். கையைப் பொத்திப் பிடித்திருந்தாள். வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

"தம்பிக்குக் காய்ச்சலாமே."

"ஆமா. வெயில்ல விளையாடியிருப்பான். சரியாயிரும்."

"வெயில்ல இல்ல டீச்சரம்மா." வெயிலுகந்தம்மாள் பொத்தின கையை விரித்துக் காட்டினாள். நாலு மிளகாய் வற்றல், கொஞ்சம் கல்லுப்பு, ஒரு பிடி கரிசல் மண். "ஒங்களுக்கு இதுல நம்பிக்கை கெடையாதுன்னு தெரியும். ஆனா இன்னைக்கு என்னையச் சுத்திப் போட விடணும். வேற யாரு கண்ணும் இல்ல. என் கண்ணுதான் பட்டிருக்கு."

நேசம்மாள் அந்த மண்ணைப் பார்த்தாள்.

"நெசமாச் சொல்லுதேன். அன்னைக்கு நாப்பத்தொண்ணுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலேருந்து எனக்கு வயிறு எரியுது. நீங்கதான் என் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தவிய. ஒங்க பிள்ளை நல்லாருந்தா நான் சந்தோசப்படணும்லா. முடியல. தம்பி நிமிந்து நடந்து போறதைப் பாத்தா, இவன் முன்னால நிக்கான், என் பிள்ளை பின்னால கெடக்காளேன்னு தோணுது. நேத்துக் கூட அவன் போறதை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குப் படுத்துட்டான். யாரு கண்ணு பட்டுச்சுன்னு தெரியாம ஊருல நாலு பேரு காலடி மண்ணு எடுப்பாவ. நான் எடுக்கல. இது என் காலடி மண்ணு மட்டும்தான். என்னைய மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு அவள் வாசலைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தாள். நேசம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.  

"வெயிலு, நில்லு. அந்த வரிசையைக் கடைசியிலேருந்து எண்ணணும்."

"எந்த வரிசையை?"

"பரீட்சை வரிசையை. புத்தி கம்மியான பிள்ளை கடைசியில நிக்கும். கூடுன பிள்ளை முன்னால நிக்கும். நூறு பேருல ஒன் மக தொண்ணூத்து நாலாவதுன்னா, தொண்ணூத்து மூணு பேரு அவளைவிடக் கம்மி. அவளைவிடக் கூடுதல் ஆறே பேருதான். நம்ம பள்ளிக்கூடத்துலயே அவளுக்கு மேல ஆள் இல்ல. பெரிய ஸ்கூல்ல எடம் வந்திருக்கு. சாப்பாடு, துணி, படிப்பு, எல்லாம் அவியளே குடுப்பாவ. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ போயிப் பெரிய டீச்சர்கிட்டச் சம்மதம் சொல்லணும்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இவ்வளவு சின்ன விஷயமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெயிலுகந்தம்மாள் அசையவில்லை. சந்தோஷப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"எம்மா. அப்ப எனக்கு முன்னால எத்தனை பேரும்மா?"

பையன் தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நேசம்மாள் திரும்பி அந்த இருட்டு அறையைப் பார்த்தாள். சமாளிக்க ஆயிரம் வார்த்தை இருந்தது. ஒரு டீச்சருக்குத் தெரியாத சமாளிப்பா?

"அம்பத்தொம்பது பேருய்யா" என்றாள்.

உள்ளே கட்டில் கயிறு கரகரத்தது. அவன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருப்பான். 

வெயிலுகந்தம்மாள் இப்போதுதான் பேசினாள். குரல் உயரவில்லை. "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"நான் நூறு பேருலயான்னு கேட்டேனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என் பிள்ளை ஒங்ககிட்ட வந்து கேட்டாளாமே. அப்பவும் தெரியுமா?"

  "எனக்குப் பொறாமை, வெயிலு" என்றாள் நேசம்மாள். "இன்னைக்கு நேத்து இல்ல. அவ ஒண்ணாங் கிளாஸ்ல வந்து உக்காந்ததுலேருந்து. இப்ப ஒங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதும் இருக்கு."

  நாளைக்குக் காலையில் தானே கூட்டிக்கொண்டு போவதாக நேசம்மாள் சொன்னாள். "வேண்டாம். வழி எனக்குத் தெரியும்" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

பிறகு அவள் கையில் இருந்த கரிசல் மண்ணை மட்டும் தெருப் பக்கமாக வீசினாள். மிளகாயையும் உப்பையும் வீசவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிந்துவிட்டு, நேசம்மாளின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"காலைத் தூக்குங்க டீச்சரம்மா" என்றாள். "என் பிள்ளைக்குச் சுத்திப் போடணும்."

நேசம்மாள் வலது காலைத் தூக்கினாள். வெயிலுகந்தம்மாள் அவள் கால் பதிந்திருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.